வீட்டுக் கேமரா: கிளவுடா, கார்டா?

வயதான அம்மாவோ அப்பாவோ பகலில் வீட்டில் தனியாக இருந்தால், வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது ஒரு கேமரா வாங்கி மாட்டலாம் என்பதுதான். சிங்கப்பூரில் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போனாலும் சரி, இணையத்தில் தேடினாலும் சரி, பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, பதிவுகளை நிறுவனத்தின் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக அவர்களுடைய சர்வர் கணினிகளுக்கு அனுப்பிவிட்டு, அவற்றைத் திரும்பப் பார்க்க மாதச் சந்தா கேட்கும் வகை. மற்றது, தனக்குள் செருகிய மெமரி கார்டிலேயே பதிவை வைத்துக்கொள்ளும் வகை. எங்கள் ஈசூன் வீட்டுக் கூடத்தில் அம்மாவுக்காக நான் மாட்டியிருப்பது இரண்டாவது வகை. அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

படத்தின் தெளிவு, இருட்டில் பார்ப்பது, கேமரா வழியாகப் பேசுவது, இவற்றில் இன்று பெரிய வித்தியாசம் இல்லை. நாற்பது ஐம்பது வெள்ளிக் கேமராவே கூடத்துக்குப் போதும்.

கிளவுட் வகைக்கு ஒரு உண்மையான பலம் உண்டு. திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனாலும் பதிவு தப்பிவிடும். கார்டு வகையில் பதிவும் கேமராவோடு போய்விடும். கடைக்கோ, பூட்டிவிட்டுப் பல மாதம் வெளியூர் போகும் வீட்டுக்கோ கேமரா தேடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். அம்மா குளியலறைப் பக்கம் போகும்போது தடுமாறினாரா, மதிய மாத்திரையை எடுத்தாரா என்று பார்க்க நினைக்கும் எனக்கு அது முக்கியமில்லை.

அந்தரங்கம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக் கேமரா விற்கும் ரிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023ல் குற்றஞ்சாட்டியது. ரிங் 58 லட்சம் அமெரிக்க டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் வைஸ் கேமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படங்கள் தெரிந்தன. கிளவுடில் இருப்பது எப்போதும் இன்னொருவர் கையில் இருப்பதுதான். அம்மா நைட்டியோடு நடமாடும் கூடம் அது. அதை யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை அவருக்கும் எங்களுக்கும்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பெட்டியில் 'வீட்டிலேயே சேமிப்பு' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் நம்பிவிட முடியாது. அப்படிச் சொல்லி விற்ற யூஃபி கேமராக்கள் சிறு படங்களைக் கிளவுடுக்கு அனுப்பியது 2022 நவம்பரில் வெளிவந்தது.

என்னைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான்: நான் சந்தா கட்டுவதை நிறுத்தினால், அல்லது நிறுவனம் அந்தச் சேவையையே நிறுத்தினால், என் கையில் என்ன மிஞ்சும்?

அக்கா வீட்டுக் கேமராவில் இதைக் கண்ணால் பார்த்தேன். முதல் மாதம் எல்லாம் இலவசம். இலவசக் காலம் முடிந்த பிறகு, யாரோ நடமாடுவதாக அறிவிப்பு மட்டும் கைப்பேசிக்கு வரும். திறந்தால் பணம் கட்டும் பக்கம்தான் வந்து நிற்கும். அக்கா காசு கொடுத்து வாங்கிய கேமரா, அவர் வீட்டு மின்சாரத்தில், அவர் வீட்டு வைஃபையில் ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு முன் நடந்ததைப் பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. மாதம் 5 வெள்ளி என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். ஐந்து வருடத்தில் அது 300 வெள்ளி, கேமராவின் விலையைப் போல ஆறு மடங்கு.

சந்தா ஒழுங்காகக் கட்டினாலும் பாதுகாப்பில்லை. நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி 2016ல் ஒரேயடியாக முடக்கப்பட்டது. கருவியில் எந்தப் பழுதும் இல்லை. அது பேச வேண்டிய சர்வரை அணைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கூகுள் 2024 ஏப்ரலில் பழைய டிராப்கேம் கேமராக்களுக்கும் இதையே செய்தது. லென்ஸ் நன்றாக இருக்கும், ஒயர் நன்றாக இருக்கும், ஆனாலும் குப்பைக்குத்தான் போக வேண்டும். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அதனால்தான் கடைக்காரரிடம் நான் முதலில் கேட்பது, இதில் ஆர்டிஎஸ்பி, ஓன்விஃப் உண்டா என்று. எந்த நிறுவனத்தின் மென்பொருளும் கேமராவின் படத்தை எடுத்துக்கொள்ள உதவும் பொதுவான வழிமுறைகள் இவை. இவை இருந்தால் பழைய கணினியில் இலவச மென்பொருளைப் போட்டே பதிவு செய்யலாம். நாளைக்கு நிறுவனம் கதவை மூடினாலும் கேமரா வேலை செய்யும். டாப்போ, ரியோலிங்க் ஆகிய பிராண்டுகளின் ஒயர் உள்ள கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. பேட்டரியில் ஓடுபவற்றில் பெரும்பாலும் கிடையாது.

கார்டு வகைக்குப் பராமரிப்பு வேலை இருக்கிறது, மறைக்கவில்லை. தொடர்பதிவு போட்டால் நாளுக்குச் சுமார் 16 ஜிபி ஆகும். 128 ஜிபி கார்டில் ஏறக்குறைய எட்டு நாள் நிற்கும், அப்புறம் பழையதன் மேல் புதியது எழுதப்படும். இப்படி ஓயாமல் எழுதினால் சாதாரணக் கார்டு சீக்கிரம் தேயும். கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் கார்டை வாங்குங்கள். என்னுடையது இதுவரை தொல்லை தரவில்லை. இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று உறுதி சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. அதனால் மாதம் ஒருமுறை பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பதில்தான் சிக்கல். நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்த்தால் கார்டு கேமராவும் அவர்கள் சர்வரைத் தொட்டுத்தான் வரும். நான் ரௌட்டரில் கேமராவுக்கு இணையத்தை அடைத்துவிட்டு, விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக வீட்டு வைஃபைக்குள் நுழைந்து பார்க்கிறேன். கேமரா அமைப்பதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இதெல்லாம் முடியாது என்றால் செயலியையே பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் நான்கு நிலைத் தரமுத்திரை பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்படிச் செய்தாலும், யாரோ யூடியூபில் சொன்னார் என்று ரௌட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வழியை, திறந்துவிடாதீர்கள்.

பணிப்பெண் இருக்கும் வீடு என்றால், எந்த வகை வாங்கினாலும் கேமரா எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் தூங்கும், உடை மாற்றும் இடத்தில் வைக்கக் கூடாது. மனிதவள அமைச்சு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொல்லாவிட்டாலும் அதுதான் முறை.

பழைய கேமராவை கேரோசெல் என்ற விற்பனைத் தளத்தில் விற்கும்போதும் வித்தியாசம் தெரியும். கிளவுட் வகை பல சமயம் பழைய சொந்தக்காரரின் கணக்கோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அவர் விடுவித்தால்தான் புதியவருக்கு வேலை செய்யும். அதனால் வாங்குகிறவர் கேமராவைக் கையில் எடுக்கும்போதே கணக்கிலிருந்து நீக்கிக் காட்டச் சொல்வது நல்லது. கார்டு வகையை விற்பவர் கணக்கை நீக்கி, கார்டை உருவி வைத்துக்கொண்டு, ரீசெட் பட்டனை அழுத்திக் கொடுத்தால் போதும்.