வளர்ச்சியா, பங்கீடா?

எல்லோருக்கும் நல்ல வாழ்வு கிடைக்க இரண்டு வழி சொல்கிறார்கள்: பொருளாதாரத்தை வளர்ப்பது, அல்லது இருப்பதைப் பங்கிடுவது. முதலில் வளர்ச்சி. ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ந்தால் பொருளாதாரம் சுமார் 24 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். யாரிடமும் பிடுங்காமலே எல்லோருக்கும் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதுதான் இந்த வழியின் கவர்ச்சி. கொடுக்கிறார்களா என்பது வேறு கதை. அப்புறம், உழைக்க ஆள் வேண்டுமே? தென் கொரியாவின் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) 2023இல் 0.72, மக்கள்தொகை குறையாமல் நிற்கவே ஏறக்குறைய 2.1 தேவை.

பங்கீட்டு வழியில் சொத்து வரி, வாரிசு வரி, வேலைநேரக் குறைப்பு என்று இருப்பதையே பிரிக்க வேண்டும். அரசியலில் இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். பணமும் எல்லை தாண்டி ஓடிவிடும். ஆனாலும் வளர்ச்சி குறைந்தால் எல்லாம் முடிந்துவிடாது, ஜப்பானைப் பாருங்கள்: மொத்த வளர்ச்சி மந்தம், உழைக்கும் வயதினர் தலைக்குக் கணக்கிட்டால் அவ்வளவு மோசமில்லை.

என் கணக்கில், பணக்கார நாடுகள் பங்கீட்டுக்கு மாறலாம். ஏழை நாடுகளுக்கு வளர்ச்சி இன்னும் தேவை.