கப்பலால் இறங்கி ஒரே நாளில் வன்னி பார்க்கலாம் என்று காசு கேட்டால் கொடுக்காதேயுங்கோ

வெளிநாட்டிலிருந்து உல்லாசக் கப்பலில் வரும் உறவுகளுக்கும், அவர்களுக்காக வன்னியில் வழிபார்த்திருக்கும் குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறேன். கார்த்திகை தொடக்கம் பங்குனி வரை கொழும்பு, அம்பாந்தோட்டை, திருகோணமலைத் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் வந்துபோகும். அந்தக் காலம் பார்த்து முகநூலில் தமிழிலேயே விளம்பரம் போடுகிறார்கள். "திருகோணமலையில இறங்குங்கோ, முல்லைத்தீவில உங்கட சனத்தைப் பார்த்து, வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, கப்பல் வெளிக்கிட முதல் கொண்டுவந்து விடுறம்" என்று. என்னுடைய பெரியம்மாவும் பெரியப்பாவும் அதை நம்பி முழுக்காசையும் கட்டினார்கள். அவர்களை வவுனியா பஸ் நிலையத்தடியில் விட்டுவிட்டு வான்காரன் போய்விட்டான். கப்பலும் போய்விட்டது.

கப்பல்காரர் விற்கும் சுற்றுலாவையே எடுங்கோ என்று நான் சொல்ல வரவில்லை. அது விலை கூட. கோணேஸ்வரம் பார்க்க அவர்கள் ஆளுக்கு வாங்கும் டொலரில் ஒரு குடும்பமே ஓட்டோ பிடித்துப் பாதி நாள் சுற்றலாம். பிரெடரிக் கோட்டைக்குள்ளால் மேலே ஏறினால் கோயில். அங்கிருந்து கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நேரம் இருந்தால் நிலாவெளிக் கடல். எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கிற இடங்கள், மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம். இதற்கு ஏன் ஆயிரக்கணக்கில் கொட்டவேணும்? தானாக இறங்கிப் பார்ப்பது நல்ல விசயம்தான்.

ஆனால் கப்பல் விற்கும் சுற்றுலாவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அவர்களின் பஸ் பிந்தினால் கப்பல் காத்து நிற்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போனவருக்கு அது இல்லை. பயணம் ஐந்து மணிக்கு என்று போட்டிருந்தால், எல்லோரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முதல். அதுவும் கப்பலின் மணிக்கூட்டுக் கணக்கு. சில கப்பல்கள் முந்தின நாட்டு நேரத்தையே வைத்திருக்கும், கைபேசியோ இலங்கை நேரத்துக்குத் தானாக மாறிவிடும்.

இனித் தூரத்தைப் பாருங்கோ. வரைபடத்தில் திருகோணமலையும் முல்லைத்தீவும் ஒரே கரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கனடாவில் இருக்கிறவருக்கு அது ஒரு மணித்தியால ஓட்டம் போலத் தெரியும். புல்மோட்டைக்கும் கொக்கிளாய்க்கும் நடுவில் களப்பு கிடக்கிறது, நேரே வர ஏலாது, சுற்றித்தான் வரவேணும் என்பது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இவர்கள் கூட்டிக்கொண்டு வந்தது ஹொரவப்பொத்தானை, வவுனியா வழி. அந்த வழியால் வந்து, புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணியால், முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் வீடு இருக்கிற முள்ளியவளைக்குப் போய்ச்சேர நாலு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் மத்தியானம் வீட்டு வாசல். தண்ணி குடிக்காமல் அப்படியே திருப்பினால்தான் நாலு மணிக்குத் துறைமுகம். விற்றவர் இந்தப் பாதையில் வான் ஓட்டுகிறவர். அவருக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஓடி முடிக்க ஏலாத பயணம் என்று தெரிந்துகொண்டே விற்றிருக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது இதற்குத்தான்.

அன்றைக்கு நடந்தது இது. எட்டு மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டிய வான் ஒன்பதரைக்கு வந்தது. ஏறின கையோடு ஒரு மாணிக்கக்கல் கடையில் நிறுத்தினான். "அஞ்சு நிமிசம்தான் அம்மா, பார்த்திட்டு வாங்கோ" என்றவன் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வானை எடுத்தான். ஹொரவப்பொத்தானை தாண்டி, டீசல் காசு ஒப்பந்தத்தில் இல்லை என்று மேலதிகமாகக் கேட்டான். பெரியப்பா கொடுத்தார். வவுனியாவுக்கு வரவே மத்தியானம் ஒரு மணியாகிவிட்டது. "ஐயா, நீங்கள் இதில சாப்பிடுங்கோ, நான் டீசல் அடிச்சிட்டு வாறன்" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போனவன் வரவேயில்லை. அவன்ர தொலைபேசியும் நின்றுவிட்டது.

பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, சீனி வருத்தம். இன்சுலின் கப்பல் அறையில். கையில் இருந்த கனடா இலக்கத்தில் இங்கே அழைப்பு எடுக்க முடியவில்லை. வெயிலுக்குள் நின்ற இரண்டு பேரையும் கண்டு பக்கத்துத் தொலைபேசிக் கடைக்காரத் தம்பி உள்ளே கூப்பிட்டு இருத்தி, தன் கைபேசியில் எங்களுக்கு எடுத்துத் தந்தார். அப்போது இரண்டு மணி கடந்திருந்தது. கிடைக்கிற முதல் காரில் திருகோணமலைக்குத் திரும்புங்கோ என்று சொன்னேன். அந்தத் தம்பியே தெரிந்த ஒருவரின் காரை ஒழுங்கு செய்தார், தனக்கென்று ஒரு சதமும் வாங்கவில்லை. அவருக்கு எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

முள்ளியவளையில் அம்மா விடியவே எழும்பிப் புதுநெல் அரிசியில் சமைத்து வைத்திருந்தா. கால போக அறுவடை முடிந்த கையோடு வந்த நாள். எருமைத் தயிர் சட்டியோடு இருந்தது. போர் முடிந்த பிறகு ஒரேயொரு தரம்தான் தன் அக்காவைப் பார்த்தவ. அந்தச் சோற்றைப் பார்சல் கட்டிக்கொண்டு நாங்களும் திருகோணமலைக்கு வெளிக்கிட்டோம்.

கார் துறைமுக வாசலுக்குப் போனபோது ஐந்து மணி ஆகப்போகிறது. ஏறும் நேரம் நாலரையோடு முடிந்து, ஏணியும் எடுத்தாயிற்று. கப்பலில் ஆட்கள் குறைந்தால் அறைப் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் (கப்பல்காரருக்காக அந்தத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்) கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாம். அப்படித்தான் இவர்களுடையதும் முகவரின் கையில் இருந்தது. மருந்து வரவில்லை. இரவோடு இரவாக ஆஸ்பத்திரியில் காட்டி இன்சுலின் போட்டு, கார் பிடித்துக் கொழும்புக்கு ஓடி, அங்கே கப்பல் வரும்வரை விடுதியில் தங்கித்தான் ஏறினார்கள். அந்தச் செலவில் கப்பல்காரரின் விலைகூடின சுற்றுலாவைப் பல தடவை வாங்கியிருக்கலாம். அம்மாவும் பெரியம்மாவும் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துதான் கதைத்தார்கள்.

வவுனியாப் பொலிசில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். பெரியம்மா துறைமுக வாசலில் வானுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தில் இலக்கத்தகடு தெளிவாக விழுந்திருந்தது, அது பெரிய உதவி. நீங்களும் ஏற முதல் இலக்கத்தகட்டையும் ஓட்டுநரையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கோ. பயணக் காப்புறுதிக்காரர் முதலில் கேட்டதும் முறைப்பாட்டின் பிரதியைத்தான். காசு போனது ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு, நிறுவனத்தின் பேரில் இல்லை. ஒழுங்கான ஓட்டுநர் சிறு முற்பணம் வாங்குவார், அல்லது திரும்பிக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் கை நீட்டுவார். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் இல்லை. காட்ட மறுத்தால் இறங்கிவிடுங்கோ.

கப்பலில் அன்றாடம் தரும் தாளில் துறைமுக முகவரின் இலக்கம் இருக்கும், அதைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் வையுங்கோ. ஒரு நாள் மருந்தும் கடவுச்சீட்டின் பிரதியும் கைப்பையில் இருக்கவேணும். இறங்கினதும் உள்ளூர் சிம் ஒன்று வாங்குங்கோ.

வன்னிக் குடும்பங்களுக்கு நான் சொல்வது வேறு. திருகோணமலையில் கப்பல் நின்றால் அவர்களை இங்கே இழுக்காதேயுங்கோ, நாங்கள் அங்கே போவோம். முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டிலோ மடத்திலோ தங்கினால், காலையில் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு கோணேஸ்வரத்தில் கும்பிட்டு, ஒன்றாக இருந்து சாப்பிட்டு, ஆறுதலாகக் கொண்டுபோய் ஏற்றலாம். சமைத்த சாப்பாட்டைக் கப்பலுக்குள் கொண்டுபோகப் பெரும்பாலும் விடமாட்டார்கள், வெளியிலேயே சாப்பிட வையுங்கோ. கொழும்பில் நிற்கும் கப்பலிலிருந்து வன்னி என்றால் பேச்சே வேண்டாம், வவுனியாவே 250 கிலோமீற்றர் தாண்டும். காங்கேசன்துறை மட்டும் கொஞ்சம் வேறு. 2023 ஆனியில் சென்னையிலிருந்து ஒரு கப்பல் அங்கே வந்தது. இனியும் வந்தால் கிளிநொச்சிப் பக்கத்து ஆட்கள் ஆனையிறவால் இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போய்ச் சந்திக்கலாம், திரும்பவும் நேரம் மிஞ்சும்.

அந்த விளம்பரம் வேறு பேரில் இன்னும் ஓடுகிறது. வற்றாப்பளைக் கோபுரப் படமும் இரணைமடுக் குளத்துப் படமும் போட்டு, "கப்பலுக்கு நேரத்துக்குக் கொண்டுவந்து விடுவது உறுதி" என்று எழுதியிருக்கும். கனடாவிலும் லண்டனிலும் பிரான்சிலும் கப்பல் பதிந்திருக்கிற உங்கள் ஆட்களுக்கு இதை இப்பவே சொல்லுங்கோ. ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் வங்கிக்குப் பேசி மீளப்பெறப் பாருங்கோ. ஏமாற்றப்பட்டவர்கள் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 இலும், அவசரம் என்றால் பொலிசுக்கு 119 இலும் எடுங்கோ.