ஃபிரேமா, கியரா, சக்கரமா: நடுத்தர பட்ஜெட்டில் ஒரு ரோடு பைக்

என் சைக்கிளுக்கு ஏழு வயது. அலுமினியம் ஃபிரேம், சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக், ஷிமானோ நிறுவனத்தின் டியாக்ரா 10 கியர் செட். நீண்ட ஏற்றங்களில் கடைசி கியரையும் போட்ட பிறகு விரல் தானாக இன்னொரு முறை லீவரைத் தட்டும். அங்கே ஒன்றும் இருக்காது. புதுசு வாங்கலாமா என்ற யோசனை அந்த வெற்றுத் தட்டலில் தொடங்கியது.

கையில் இருப்பது நடுத்தர பட்ஜெட். இந்த அளவில் நான்கு வழிகள் போட்டிபோடுகின்றன. அலுமினியம் ஃபிரேமோடு நல்ல கியர் செட். கார்பன் ஃபிரேமோடு ஒரு படி குறைந்த கியர் செட். யாரோ ஓட்டி விற்கும் கார்பன் சைக்கிள், எலெக்ட்ரானிக் கியரோடு. நான்காவது, பழையதையே வைத்துக்கொண்டு டயர், கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), முடிந்தால் சக்கரம் மாற்றுவது.

பழையதைத் தேற்றுவது

நான்காவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

கணக்கு எளிது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உருளல் தடைக் கெழு (டயர் உருள எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதன் எண்) 0.005 உள்ள தடித்த டயர், தரையில் உருள்வதற்கு மட்டும் ஏறக்குறைய 35 வாட் தின்னும். 0.0035 உள்ள நல்ல டயருக்கு 24 வாட் போதும். சும்மா கிடைக்கும் இந்த 11 வாட்டுக்கு ஃபிரேமைத் தொடவே தேவையில்லை. இரண்டு டயர் மாற்றினால் ஆயிற்று.

என் வெற்றுத் தட்டலுக்கும் மருந்து இருக்கிறது. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் விகிதம் 1.21. பெடலை நிமிடத்துக்கு 70 முறை சுற்றினால் வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர். அதற்குக் கீழே இறங்கினால் கால் திணறும். டியாக்ராவில் 11 பல் முதல் 34 பல் வரையுள்ள கேசட்டும் உண்டு. அதைப் போட்டால் விகிதம் 1.0 ஆகும், அதே 70 சுற்றில் 8.8 கிலோமீட்டரில் நிதானமாக ஏறலாம். பின் டிரெயிலர் (செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் கருவி) நீளக்கை வகையாக இருக்க வேண்டும், செயினையும் நீட்ட வேண்டும். அவ்வளவுதான் செலவு.

ஏற்றம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நானும் நிறுத்தியிருப்பேன். ஆனால் என் ஃபிரேமில் 28 மில்லிமீட்டர் டயரே பிரேக்கை உரசுகிறது. மழையில் இறக்கத்தில் ரிம் பிரேக்கைப் பிடித்தால் முதல் ஒன்றிரண்டு நொடிக்கு எதுவும் நடக்காது, அப்புறம்தான் பிடிக்கும். இந்த இரண்டும் ஃபிரேமோடு பிறந்தவை. ரிம் பிரேக் ஃபிரேமில் டிஸ்க் ஏறாது. டியாக்ராவுக்கு மேற்படியான ஷிமானோவின் 12 கியர் 105 செட்டோ டிஸ்க் பிரேக்குக்கு மட்டுமே வருகிறது. அதனால், பிறகு மாற்றவே முடியாதவை எவை என்பதை வைத்தே மற்ற மூன்றையும் அளந்தேன்.

அலுமினியமும் கார்பனும்

கார்பன் லேசு, உண்மைதான். எவ்வளவு லேசு, அதனால் என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. 5 கிலோமீட்டர் நீளம், 8 சதவீதச் சரிவு, ஏற அரைமணி நேரம். மொத்த எடை 80 கிலோவாக இருக்கும்போது அதில் ஒரு கிலோ குறைத்தால் மிச்சமாவது 20 விநாடிக்குக் கொஞ்சம் மேல். பந்தயத்தில் அது பெரிய இடைவெளி. மேலே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் உட்காரப் போகிறவருக்கு அது ஒன்றுமில்லை.

நடுத்தர விலையில் அந்த ஒரு கிலோ வித்தியாசமே பல சமயம் வருவதில்லை. கார்பன் ஃபிரேமின் செலவை ஈடுகட்ட சக்கரத்தில், கேசட்டில், சீட் போஸ்ட்டில் கை வைத்துவிடுகிறார்கள். ஃபிரேமில் குறைந்த எடை சக்கரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. தராசில் முழு சைக்கிளையும் தொங்கவிட்டுப் பார்க்காமல் ஃபிரேம் எடையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

சொகுசு என்று வரும்போது அலுமினியம் அதிரும், கார்பன் அதிராது என்று இன்னமும் சொல்கிறார்கள். 23 மில்லிமீட்டர் டயரைக் கல்லாக இறுக்கி ஓட்டிய காலத்தில் அந்த வித்தியாசம் தெரிந்திருக்கும். 32 மில்லிமீட்டர் டயரில் மிதமான காற்று வைத்தால் அதிர்வின் பெரும்பகுதி டயரிலேயே அடங்கிவிடும். ஆகவே ஃபிரேம் எதனால் ஆனது என்பதைவிட, எத்தனை அகலமான டயரை ஏற்கும் என்று கேட்பதே சரி. கேனன்டேல் கேட்13 டிஸ்க் 30 மில்லிமீட்டர் வரை ஏற்கும். 2023இல் வந்த ஸ்பெஷலைஸ்டு அல்லே 35 ஏற்கும். டிரெக்கின் நான்காம் தலைமுறை டோமானே ஏஎல் 38 வரை போகும். மூன்றுமே அலுமினியம். ஆனால் ஓட்டிப் பார்த்தால் மூன்று குணம்.

உடம்புக்கு ஏற்ற அளவும் இதே பட்டியலில்தான் வரும். பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் முன்னே என்ற இரண்டு எண்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் தருகின்றன. ஸ்டாக், ரீச் என்பார்கள். பந்தய வடிவத்துக்கும் நெடுந்தூர வடிவத்துக்கும் ஒரே சைஸிலேயே உயரத்தில் 2, 3 சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றி முன்னும் பின்னும் கொஞ்சம் சரிசெய்யலாம். உயரத்தை வளையம் போட்டு ஏற்றுவதற்கு ஒரு எல்லை உண்டு. என் இடுப்புக்கு நெடுந்தூர வடிவம்தான். இதில் கௌரவம் பார்க்கவில்லை.

கம்பியா, பேட்டரியா

105 எலெக்ட்ரானிக் வடிவம் 2022இலும், கம்பி இழுக்கும் 12 கியர் வடிவம் 2023இலும் வந்தன. ஸ்ராம் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் செட்டான ரைவல் ஏஎக்ஸ்எஸ் 2021இலேயே வந்துவிட்டது. விரலுக்கு இதமாக இருப்பது எலெக்ட்ரானிக்தான், மறுக்க மாட்டேன். கம்பி துருப்பிடிப்பதும் கியர் தடுமாறுவதும் அதில் இல்லை.

ரைவலில் இரண்டு டிரெயிலருக்கும் தனித்தனிப் பேட்டரி, கழற்றி மாட்டலாம். பின்னது தீர்ந்தால் முன்னதை எடுத்துப் பின்னால் செருகி வீடு வந்து சேரலாம், நல்ல ஏற்பாடு. 105 எலெக்ட்ரானிக்கில் ஒரே பேட்டரி ஃபிரேமுக்குள் இருக்கிறது, சைக்கிளையே மின்இணைப்பிடம் கொண்டுபோக வேண்டும். ஏற்றத்துக்கு ரைவல் ஒரு படி மேல்: முன்னால் 33, பின்னால் 36 என்றால் விகிதம் 0.92. 105இல் 34க்கு 34. அதிலும் 36 பல் கேசட் உண்டு, போட்டால் 0.94. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதிகம் பேசப்படாத வித்தியாசம் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. 105இன் 12 கியர் கேசட் பழைய 11 கியர் ஹப்பிலேயே ஏறும். 10 பல்லில் தொடங்கும் ரைவல் கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் (XDR) என்ற தனி வகை ஹப் அமைப்பு வேண்டும். பிறகு நல்ல சக்கரம், அதுவும் யாரிடமாவது கைமாற்றாக, வாங்க நினைப்பவருக்கு 105தான் வசதி. பிரேக் எண்ணெயும் வேறு: ஷிமானோ மினரல் ஆயில், ரைவலில் டாட் திரவம். டாட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பெயின்ட்டையும் அரிக்கும். வீட்டில் தானே வேலை பார்ப்பவர் எனக்கு மினரல் ஆயிலே போதும் என்பார்.

என் ஓட்டு கம்பிக்கு. எலெக்ட்ரானிக்குக்குத் தரும் கூடுதல் தொகையில் நல்ல டயரும் சுமாரான ஒரு ஜோடி சக்கரமும் வரக்கூடும். மேலும் கியர் செட் தேயும் பொருள். எப்படியும் ஒருநாள் மாற்றத்தான் போகிறோம், அப்போது பேட்டரிக்குப் போகலாம்.

கைமாறிய கார்பன்

ஆசை அதிகம் காட்டியது இதுதான். ஒன்றைப் பார்க்கவும் போனேன். பளபளவென்று இருந்தது. குனிந்து பின்சக்கரப் பக்கத்துக் குழாயின் அடியில் விளக்கடித்தேன், முடி அளவு ஒரு கோடு. விற்பவர் “பெயின்ட் கீறல்தாங்க” என்றார். இருக்கலாம். ஆனால் அலுமினியம் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும், கார்பன் உள்ளே உடைந்துவிட்டு வெளியே சிரிக்கும். வாரண்டியும் வழக்கமாக முதலில் வாங்கியவருக்கே. விழுந்த கதை தெரிந்த நண்பரின் சைக்கிள் என்றால் வாங்குவேன், முன்பின் தெரியாதவருடையது என்றால் மாட்டேன்.

ஆக, நெடுந்தூர வடிவ அலுமினியம், 105 கம்பி, 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் இடம். பணத்தைப் பத்துப் பங்காக்கி எட்டில் சைக்கிளை முடித்து, இரண்டை டயருக்கும் வருங்காலச் சக்கரத்துக்கும் ஒதுக்குகிறேன்.

ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள் காற்றழுத்தமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கார்பனையும் ஒரு அலுமினியத்தையும் அடுத்தடுத்து ஓட்டிவிட்டு, கார்பன்தான் சொகுசு என்று முடிவே கட்டிவிட்டேன். சந்தேகத்தில் அளந்தால் கார்பனில் 60 பிஎஸ்ஐ, அலுமினியத்தில் 90. இரண்டிலும் ஒரே அகல டயர்தான். இரண்டையும் 65க்குக் கொண்டுவந்து மறுபடி அதே சாலையில் ஓட்டினேன். கண்ணைக் கட்டியிருந்தால் எதில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க முடியாது.