ரீப்பரும் ஒசாராவும்: கண் தெரியாதவர் ஒரு பாட்டை முழுசாகப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் இதைக் கேட்கும் தம்பி தங்கைகள் பலர் பதிலுக்குக் காத்திருக்காமலே "நமக்கு எதுக்கு அதெல்லாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன், பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பாடுவேன், ஆர்மோனியமும் கீபோர்டும் வாசிப்பேன், நம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் பாடுகிற கொடைப் பாட்டுகளைப் பற்றி எழுதவும் செய்கிறேன். ரீப்பர் என்பது கணினியில் பாட்டைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, மிக்ஸ் செய்கிற மென்பொருள். காக்கோஸ் என்ற நிறுவனத்தினுடையது. அந்தக் காலத்து வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் ஆரம்பித்தவர். ரீப்பரை மட்டும் போட்டு வைத்தால் நமக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை, அதன் முக்கியமான திரையில் திரைவாசிப்பானுக்கு, அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற மென்பொருளுக்கு, பிடிகொடுக்கிற மாதிரி அதிகம் எதுவும் கிடையாது. கூடவே ஒசாரா என்ற இலவச நீட்சியைச் சேர்த்ததும் பேச ஆரம்பித்துவிடும். ஒசாராவை எழுதியவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் டே, அவருக்கும் பார்வை இல்லை. நாம் அன்றாடம் பயன்படுத்துகிற என்விடிஏ திரைவாசிப்பானை 2006-ல் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான், அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவரும் இதே டே. தேவைப்பட்டவர்களே உட்கார்ந்து எழுதியது என்பது தொட்ட கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும்.

நான் இதைச் சோதித்துப் பார்த்தது ஒரு வில்லுப்பாட்டில். சும்மா கீபோர்டு வாசித்துப் பார்ப்பதற்கும் வில்லுப்பாட்டைப் பதிவு செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, பாடுகிறவர், பின்பாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடம் (ட்ராக்) வேண்டும். கன்ட்ரோல் டி அடித்தால் புதுத் தடம் வருகிறது, பெயரைத் தட்டி வைக்கிறேன். மேலும் கீழும் அம்புக்குறி அழுத்தினால் எந்தத் தடத்தில் நிற்கிறேன் என்று சொல்கிறது. எஃப்7 அழுத்தினால் அந்தத் தடம் பதிவுக்குத் தயார், எஃப்5 அடித்தால் ஊமை, எஃப்6 அடித்தால் அது மட்டும் தனியே கேட்கும். எந்த விசை எதற்கு என்று மறந்துபோனால் எஃப்12 அழுத்திவிட்டு ஒவ்வொரு விசையாகத் தட்டிப் பார்க்கலாம், வேலை எதுவும் நடக்காமல் விளக்கம் மட்டும் வரும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒலி அளவைக் கண்காணிக்கும் வசதி. வீசுகோல் வில்லில் விழும்போது மணிகள் எல்லாம் சேர்ந்து ஒரு குலுங்கு குலுங்கும் இல்லையா, அந்த இடத்தில் அளவு எகிறிப் பிசிறடித்துவிடும். பார்வை உள்ளவர்கள் சிவப்பு விளக்கைப் பார்த்துக் குறைத்துக்கொள்வார்கள். இங்கே நாம் எவ்வளவு என்று வைத்திருக்கிறோமோ அதைத் தாண்டினால் ஒசாராவே வாய்விட்டுச் சொல்கிறது. நான் மைக்கை வில்லிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன், மறுபடி அடிக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. பக்கத்தில் யாரும் நின்று "அண்ணாச்சி, சிவப்பு எரியுது" என்று சொல்லத் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. தடத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் ஆங்கிலக் குரல் அதைச் சொதப்புகிறது, தமிழ்க் குரலுக்கு மாற்றினால் ஆங்கிலச் செய்திகள் கடித்துத் துப்பின மாதிரி வருகின்றன. என்விடிஏவோடு வருகிற ஈஸ்பீக் தமிழ்க் குரலும் தகர டப்பாவில் பேசுகிற மாதிரிதான். ஒலியை மாற்றி மெருகேற்ற ரீப்பரோடு சேர்த்துக்கொள்கிற, வேறு நிறுவனங்களின் ப்ளகின்கள் இன்னொரு தலைவலி. படமாக வரைந்து வைத்த திருகுகளைத் திரைவாசிப்பான் பார்க்காது. ஒசாரா அவற்றைப் பட்டியலாக எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறது, ஆனால் செய்தவர்கள் ஒழுங்காகப் பெயர் வைக்காமல் விட்டிருந்தால் எந்தத் திருகு எதிரொலி, எது கனம் என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் ஒன்று, என்விடிஏவின் பேச்சு மைக்கில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பாட்டை, மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வழியாகவும் என்விடிஏவை மடிக்கணினியின் சொந்த ஒலி வழியாக ஒரு காதுக்கு மட்டும் சின்ன இயர்ஃபோனிலும் வைத்துக்கொள்கிறேன்.

விலை, தனி ஆளுக்கு 60 டாலர். முதல் 60 நாள் காசில்லாமல் போட்டுப் பார்க்கலாம். ஒசாராவும் என்விடிஏவும் முழுக்க இலவசம்.

இவ்வளவு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மைப் பாட வைப்பதில் யாருக்கும் தயக்கம் கிடையாது, மேடையேற்றி மாலை போட்டு "கண்ணில்லாட்டியும் குரலைப் பாருங்க" என்று கைதட்டுவார்கள். பதிவு செய்கிற நாற்காலியில் உட்காருகிறேன் என்று சொன்னால்தான் முகம் மாறுகிறது. இந்தப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் நான் கேட்டபோது, "நீங்க பாடுங்க அண்ணாச்சி, மத்தத நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனால் என் பாட்டில் குடம் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கக்கூடாதா? நியூயார்க்கில் லாச்சி என்ற பார்வையற்ற பாடகி, எழுத்தாளரும்கூட, மாற்றுத்திறனாளி இசைக்கலைஞர்களுக்காக ராம்ப்டு என்ற அமைப்பைத் தொடங்கி 2022-ல் வெளிப்படையாகக் கொண்டுவந்தார், கிராமி விழாவின் சிவப்புக் கம்பளத்தில் சைகைமொழிபெயர்ப்பு வந்ததில் அந்த அமைப்புக்குப் பங்குண்டு. அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும்: மேடையில் மட்டுமில்லாமல் மேடைக்குப் பின்னால் நடக்கிற எல்லா வேலையிலும் எங்களுக்கு இடம் வேண்டும், அதற்கான வசதியை யாரும் தயவாக நினைத்துக் கொடுக்க வேண்டாம். நம் நாட்டிலேயே 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சேவை தருகிறவர் அரசானாலும் தனியாரானாலும் எல்லோரும் அணுகும்படி தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. 1890-லேயே பார்வையற்றோருக்குப் பள்ளி வந்த ஊர் பாளையங்கோட்டை. அந்த ஊரில் பார்வையற்றவர் ஒருவர் தானாகப் போய் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஸ்டூடியோ எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை.

சிபாரிசு செய்வேனா என்றால், கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பாட்டில் இருக்கிற பார்வையற்ற பிள்ளைகள் இன்றைக்கே இறக்கிப் போடுங்கள். முதலில் எஃப்12, அப்புறம் மற்றது. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், விசைகள் கையில் படிந்துவிட்டால் மவுஸ் பிடித்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஈடாகவே வெட்டி ஒட்டலாம். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு நான் கேட்பது சின்ன விஷயம்: உங்கள் கணினியில் ஏற்கெனவே ரீப்பர் இருந்தால் என்விடிஏவும் ஒசாராவும் போட்டு வையுங்கள், கூடுதலாக ஒரு இயர்ஃபோன், அவ்வளவுதான் செலவு. திருநெல்வேலி டவுனிலோ ஜங்ஷன் பக்கமோ யாராவது போட்டுவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், அடுத்த கொடைப் பாட்டுத் தொகுப்பை அங்கேயே வந்து, வாடகை கொடுத்து, நானே பதிவு செய்கிறேன்.