எம்.டபிள்யூ.பி. பாலிசி: சித்தூர் தாலுகாக்காரர்களுக்குச் சரிப்படுமா?

கேரளத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தேங்காய் வியாபாரம் செய்து, குறியும் (சீட்டு) பிடித்து, நாலு பேருக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டவர் டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் வரும் ஆயுள் காப்பீடு) எடுப்பதானால், 1874ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் (எம்.டபிள்யூ.பி.) 6ஆம் பிரிவில் எடுப்பதே நல்லது. சாதாரண பாலிசியில் கணவர் நாமினியை மாற்றலாம், பாலிசியை அடமானம் வைக்கலாம். இதில் இரண்டும் நடக்காது. பணம் மனைவி மக்களுக்கான டிரஸ்ட் ஆகிவிடுவதால் கடன் கொடுத்தவர் ஜப்தி செய்ய முடியாது. கடனை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபித்தால் மட்டும் கதை வேறு. இதற்கென்று பிரீமியமும் ஏறாது.

(ஆரம்பத்தில் இந்தச் சட்டம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. 6ஆம் பிரிவு அவர்களுக்கும் உண்டு என்று 1923 திருத்தம் சொன்னது. மதராஸ் மாகாணத்தில் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்த பாலிசிகளும் அதில் சேர்ந்தன. பாலக்காடு மதராஸில் இருந்ததால் அதற்கு இது அப்போதே கிடைத்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி ராஜ்யம். அங்கே 1959 நீட்டிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது.)

காரியம் கெடுவது பெரும்பாலும் பாலிசிக்கு விண்ணப்பிக்கும் புரபோசல் பாரத்தில்தான். எம்.டபிள்யூ.பி. இணைப்புப் படிவத்தை அப்போதே சேர்க்க வேண்டும். பாலிசி வந்தபின் சேர்க்க முடியாது. யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். டிரஸ்டியாக, அதாவது பணத்தை வாங்கி அவர்களுக்காக வைத்திருப்பவராக, மனைவியையே போடலாம், கூட இன்னொருவரையும் போட்டு வைப்பது பத்திரம். இந்தக் கட்டத்தை ஏஜென்ட் காலியாக விட்டால் வம்பு: டிரஸ்டி இல்லாத பணம், பாலிசி எடுத்த ஆபீஸ் இருக்கும் மாநிலத்தின் அபிஷியல் டிரஸ்டியிடம் (அரசு நியமிக்கும் டிரஸ்டி) போகும். பக்கம் என்று கோயம்புத்தூர் ஆபீஸில் எடுத்திருந்தால், கேரளத்தில் குடியிருக்கும் விதவை சென்னைக்கு எழுத வேண்டிவரும். எல்லை ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லும் ஏஜென்ட் அபூர்வம்.

குறையும் உண்டு. பெயர் போட்டு மனைவியைச் சேர்த்துவிட்டால், விவாகரத்து ஆனாலும் கணவர் தன் இஷ்டத்துக்கு நீக்க முடியாது. வீட்டுக் கடனுக்கு அந்தப் பாலிசியை வங்கியில் வைக்கவும் முடியாது. உயிரோடிருந்தாலும் பணம் திரும்பும் எண்டோமென்ட், மணிபேக் வகைகளில் முதிர்வுத் தொகையும் மனைவி மக்களுக்கே போகும். தன் கைக்குப் பணம் திரும்ப வேண்டும் என்பவர் அவற்றை இந்தப் பிரிவில் எடுக்க வேண்டாம்.

மனைவியின் நன்மைக்கு என்பது பாலிசிப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பத்திரம் (பாண்டு) கைக்கு வந்ததும் முதலில் அந்த வரியைத் தேடுங்கள். இல்லையென்றால், ஃப்ரீ லுக் காலத்துக்குள் (பாலிசி வேண்டாமென்றால் திருப்பித் தர விடும் ஆரம்ப நாட்கள்) திருப்பிக் கொடுத்துப் புதிதாக எடுப்பதுதான் வழி.