மண்சரிவு அபாய லயங்கள்: தோட்டத்துக்குள்ளே காணியா, வெளியே வீடா?

இலங்கையின் பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் இறங்கி, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களை மூடியது. இன்றும் மழை கனத்தால் பின்சுவர் வெடிப்பைப் பார்த்தபடி விழித்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் எம்.பி.யிடம் எதைக் கேட்பது?

வேலை
உள்ளே: கொழுந்து பறிக்கும் மலைக்கு நடந்தே போகலாம், குழந்தை பக்கத்துப் பிள்ளை மடுவத்தில் (பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில்).
வெளியே: தினமும் பஸ் காசு. பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

பாதுகாப்பு
உள்ளே: அதே சரிவு. மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்க்காமல் அத்திவாரம் வெட்டவே கூடாது.
வெளியே: சமதரை கிடைத்தால் நிம்மதி.

காணி உறுதி
உள்ளே: சிக்கல் இங்கேதான். நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியிடம். அரசு விடுவிக்காவிட்டால் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்பது வெறும் பேச்சு. தோட்டப் பகுதிகளுக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்கு 2018இல் சட்டம் நிறைவேற்றிய பாராளுமன்றம், வரவு செலவுத் திட்டத்தில் அதற்குப் பணமும் ஒதுக்க வேண்டும். உறுதியில் கணவன், மனைவி இருவர் பெயரும் வரவேண்டும்.
வெளியே: வாங்கிய காணிக்கு உறுதி சுலபம், உறவுகள்தான் தூரம்.

கொழுந்து எடுத்தே பிழைக்கும் குடும்பத்துக்கு உள்ளே, உறுதியோடு மட்டும். பிள்ளைகள் டவுனில் உழைக்கும் வீட்டுக்கு வெளியே போவதே மேல். மழைக்காலத்துக்கு முன்பே கேளுங்கள்.