வலிப்புள்ள நாயைப் பொறுப்பேற்ற 14 மாதங்கள்

தலவாக்கலைக்கு அருகே வீதியோரத்தில் வலிப்பு வந்து கிடந்த பெட்டை நாயொன்றை மீட்ட தன்னார்வக் குழு, அதைத் தத்தெடுக்க ஆள் கிடைப்பது அரிது என்பதை ஒளிக்காமல் சொல்லி, உயிருள்ளவரை எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டது. மருத்துவச் செலவு குழுவினுடையது, சோறும் இடமும் கவனிப்பும் எங்களுடையவை என்பதே ஏற்பாடு. கறுப்பி வந்து 14 மாதங்கள் ஆகின்றன.

மருந்து விடயத்தில் குழுவைக் குறைசொல்ல முடியாது. வலிப்பைக் கட்டுப்படுத்தும் பினோபார்பிட்டல் குளிசையை 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடுக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் கடுமையான வலிப்பு வரக்கூடும். வைத்தியரின் துண்டு இல்லாமல் வாங்க முடியாத இந்தக் குளிசையை, கையிருப்பு தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அனுப்பிவிடுகிறார்கள். முதல் மாதம் கறுப்பி ஓயாமல் தண்ணீர் குடித்து, எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலெல்லாம் சிறுநீரால் நனைத்து, அடுப்படியை விட்டு நகராமல் பசியோடு நின்றபோது, அது மருந்தின் குணம் என்று தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்கள். நாயைக் கையளித்த அன்றே சொல்லியிருந்தால், பக்கத்துக் காம்பரா அக்காவிடம் நான் அத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

சிக்கல் போக்குவரத்தில்தான் இருக்கிறது. ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்; அதற்காக ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போகிறோம். நாயைப் பேருந்தில் ஏற்ற மறுக்கிறார்கள். முச்சக்கர வண்டி பிடித்தால், கொழுந்து பறிக்கும் என் மனைவியின் ஒரு கிழமைச் சம்பளத்துக்கு மேல் போய்விடும். பரிசோதனைக் கட்டணத்தை உடனே செலுத்திய குழு, வண்டிக் கூலியில் பாதியைத்தான், அதுவும் இரண்டு மாதம் கழித்துத் தந்தது. மலையில் வண்டி பிடித்தறியாத யாரோ போட்ட கணக்கு அது.

நாங்கள் வெளியூர் போனால் மாற்று ஆள் தருவோம் என்ற வாக்கும் தாளோடு நிற்கிறது. தைப்பொங்கலுக்கு எல்லோரும் பதுளைக்குப் போனபோது, குளிசைக்காக அம்மா மட்டும் வீட்டில் தங்கினார்.

ஆயினும் மாதத்துக்கு நான்கு, ஐந்து முறை வந்த வலிப்பு, கடந்த மூன்று மாதங்களில் ஒரே தடவைதான் வந்தது. காலையிலும் மாலையிலும் ஆறு மணிக்கு ஒருவர் நிச்சயமாக இருக்கும் வீட்டுக்கே இந்த ஏற்பாட்டைச் சிபாரிசு செய்வேன். கையொப்பமிடும் முன் வண்டிக் கூலி யாருடையது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.